ஆறு முதல் ஏழு வரை

ஜூன் 4, செவ்வாய்

இன்று அம்மா போட்ட அலறல் பி பிளாக் வரைக்கும் போயிருக்கும். காரணம், பருப்பு டப்பாவுக்குள் இருந்த பல்லி. ரப்பர் பல்லிதான். ஆனால் பேட்டரி போட்டால் வாலை ஆட்டிக்கொண்டு நிஜப் பல்லியைவிட நன்றாக நடக்கும். பேட்டரி எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

"பிரணிதான்னு பேரு வெச்சதுக்கு ஒரு காலைச் சேத்துப் பிராணின்னே வெச்சிருக்கலாம்," என்றார் அப்பா.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. துனிசியாவில் மூன்று வாரம் டென்னிஸ் ஆடிவிட்டு வெள்ளிக்கிழமைதான் வந்தாள். போகும்போது வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது. வரும்போது கோப்பையோடு வந்தாள். சம்யுக்தா, வயது இருபத்திரண்டு, உலகத் தரவரிசை 231. ஆகஸ்டில் அமெரிக்க ஓபன் தகுதிச் சுற்றுக்குள் நுழைய அது போதும். நான் பிளஸ் டூ. தரவரிசை பற்றிப் பேச விரும்பவில்லை.

டென்னிஸில் பூஜ்யத்துக்கு லவ் என்று பெயர். எங்கள் வீட்டில் அக்கா தோற்றுவிட்டு வரும் வாரங்களில் லவ்வுக்குப் பூஜ்யம். ஜெயித்து வந்தும் இப்படி உம்மென்று இருப்பது இதுதான் முதல் தடவை.


ஜூன் 6, வியாழன்

அப்பாவும் அம்மாவும் தாராபுரத்தில் கல்யாணத்துக்காக நேற்றே போய்விட்டார்கள். வீட்டில் நானும் அக்காவும்.

காலை ஆறு முதல் ஏழு வரை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

ஏழேகாலுக்கு அக்கா அறையிலிருந்து வந்தாள். குளித்து, தலை பின்னி, ஷூ வரை போட்டிருந்தாள். போன் மட்டும் அணைந்து கிடந்தது. "சார்ஜ் போட மறந்துட்டேன்" என்றாள். பிறகு நின்ற இடத்திலேயே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாள். நேற்றிலிருந்தே இப்படித்தான். இவள் குடிக்கிற வேகத்தில் சிறுவாணி வற்றிவிடும், கோயமுத்தூர் முழுக்கக் குடத்தோடு நம் வீட்டு வாசலில் நிற்கும் என்றேன். முறைத்தாள்.

இன்னொரு அதிசயம். பிறந்ததிலிருந்து குப்பைக் கூடையைத் தொடாதவள், இன்று தன் அறைக் குப்பையைத் தானே கட்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

மத்தியானம் எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது. முடித்துவிட்டேன்.


ஜூன் 11, செவ்வாய்

வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது.

மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஜூன் 6 காலை 5.58க்கு ஊக்கமருந்துச் சோதனைப் பெண் அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தாராம். பெல் அடித்தாராம், கதவைத் தட்டினாராம், போன் செய்தாராம். ஏழு மணிவரை நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

இது தெரியாதவர்களுக்காக எழுதிவைக்கிறேன். அக்கா போன்ற ஆட்டக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று ஒரு செயலியில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் சொல்லாமல் வந்து மாதிரி எடுப்பார்கள். சிறுநீர் மாதிரி என்றால் சிறுநீர் போல இருக்கும் ஏதோ ஒன்று இல்லை, சிறுநீரேதான். அக்கா எழுதியிருப்பது காலை ஆறு முதல் ஏழு, எங்கள் வீடு. வருஷத்துக்குள் மூன்று முறை ஆள் கிடைக்காவிட்டால், மருந்தே எடுக்காதவளாக இருந்தாலும் இரண்டு வருஷம் வரை தடை. அக்டோபரில் ஒன்று போனது: விமானம் தாமதம். பிப்ரவரியில் ஒன்று: ஊர் மாறியதைச் செயலியில் மாற்ற மறந்தாள். இது மூன்றாவது.

பதில் சொல்ல பதினான்கு நாள். அந்தப் பதிலை ஏற்காவிட்டால் ஆகஸ்டு இல்லை, அமெரிக்கா இல்லை. இரண்டு வருஷம் கழித்து மணிக்கட்டும் தரவரிசையும் என்ன கதியில் இருக்குமோ.

"வந்தாளாம், பெல் அடிச்சாளாம்! புள்ளைக ரெண்டும் ஊட்லதான இருந்துதுக?" அப்பா வாசலுக்குப் போய் பெல்லை அழுத்தினார். அது குயில் மாதிரி கூவியது. மறுபடி அழுத்தினார். மறுபடி கூவியது. "பாரு, எப்பிடிக் கேக்குது! செத்தவனே எந்திரிச்சு வருவான். பொய் சொல்றா அந்தம்மா!"

அம்மா என்னைப் பார்த்து, "பிரணி, நீ அஞ்சரைக்கே எந்திரிச்சிருப்பியே, எதாச்சும் கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லம்மா."

ஊக்கமருந்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம். இன்றிரவு எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் தேவை தூக்கமருந்து.


ஜூன் 12, புதன்

பல்லியைக் குப்பையில் போட்டேன்.


ஜூன் 16, ஞாயிறு

வக்கீல் நல்லசாமி மாமா வந்தார். அப்பாவோடு கல்லூரியில் படித்தவர். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் வாய்தா கேட்டால்தான் மற்றவர்கள் பேச முடியும். ஆனால் இன்று அவர் சொன்னது எல்லாம் எனக்கு ஒரே தடவையில் புரிந்தது.

"இங்க பாரப்பா, செக்யூரிட்டி நோட்டுல அந்தம்மா வந்த நேரம், போன நேரம் ரெண்டும் இருக்குது. வரவே இல்லைன்னு நாம பேச முடியாது. பெல்லும் நல்லா வேல செய்யுது. அப்ப என்ன ஆகுது? பெல் அடிச்சாங்க, நீங்க தொறக்கல. தப்பு சம்யுக்தாது."

"தூங்கிட்டு இருந்தேன் மாமா. ஏசி சத்தம். கேக்கல," என்றாள் அக்கா. மேஜையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தூங்குனேங்கறது பதிலே இல்ல கண்ணு. அந்த ஒரு மணி நேரம் நீ தயாரா இருக்கோணும்ங்கறதுதான் விதியே. ஒரே ஒரு வழிதான். அன்னைக்கு மட்டும் பெல் வேல செய்யாம இருந்து, அந்தம்மாவும் கதவைத் தட்டாம இருந்திருந்தா, அவங்க முயற்சி பத்தாதுன்னு அடிச்சுப் போட்ரலாம். அவங்க படிவத்துல நேரம் எதும் எழுதல. 'பலமுறை தட்டினேன்'னு மொட்டையா ஒரு வரி. கூட வந்த ஆளு கீழ கார்லயே இருந்துட்டான். ஒவ்வொரு தடவ தட்டுனதுக்கும் நேரம் குறிக்கணும்ங்கறது அவங்களுக்குப் பால பாடம். அதுல கோட்டை விட்டிருக்கறாங்க. ஆனா பெல்லுதான் இப்பிடிக் கூவுதே."

அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பம்ப்செட் கம்பெனியில் இருபது வருஷமாக விற்பனை பார்ப்பவர். ஓடாத மோட்டாரையும் ஓடும் என்று விற்றுவிடுவார். இன்று, கூவுகிற பெல்லைக் கூவாது என்று விற்க அவருக்கு வழி தெரியவில்லை.

எனக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.


ஜூன் 18, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பெல்லுக்கு உள்ளே மாட்டியிருக்கும் பெட்டியில் இரண்டு பென்சில் பேட்டரி உண்டு. நாலாம் தேதி அதைத்தான் கழற்றிப் பல்லிக்குப் போட்டேன். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். ஆறாம் தேதி மத்தியானம் மாட்டினேன். அந்தக் காலையில் பெல் செத்துக் கிடந்தது. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரமும் அரை டப்பா டிஷ்யூவும் ஆனது.

அறைவாள் என்று நினைத்தேன். கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவளுடைய ஃபோர்ஹேண்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறையவில்லை. "அப்பிடியா," என்றாள். அவ்வளவுதான். காற்று அடிக்கிறதா, அப்படியா என்பது போல. பிறகு என் தலையைக் கோதினாள். ஐந்தாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது கோதினாள், அதற்குப் பிறகு இன்றுதான்.

"கதவு தட்டுனது கேட்டுச்சா உனக்கு?"

"இல்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கேக்கல."

"அப்ப அதையே சொல்லு," என்றாள். "ரெண்டையும் சேத்து. பேட்டரி இல்ல, தட்டவும் இல்ல."


ஜூன் 18, இன்னும் கொஞ்சம்

கேட்டது.

சரி, எழுதிவிட்டேன். டைரியிடமும் பொய் சொன்னால் பிறகு யாரிடம்தான் உண்மை பேசுவது? ஆறாம் தேதிப் பக்கத்தில் 'ஒரு சத்தமும் இல்லை' என்ற வரிகளை மின்னஞ்சல் வந்த பிறகுதான் இடையில் செருகினேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு இரட்டையர்கள் சபரியும் சஞ்சயும் என்று நினைத்தேன். ஏப்ரலிலிருந்து எங்களுக்குள் ஒரு போர். நான் அவர்கள் கதவைத் தட்டிவிட்டு ஓடுவேன், அவர்கள் எங்கள் கதவைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள், திறந்தால் தோற்றேன் என்று போர்வைக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தட்டி ஓய்ந்து, மறுபடி தட்டி ஓய்ந்து. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு அதிகமானது.

இதையும் சொன்னால், தட்டியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். அக்கா முடிந்தாள்.

அதனால் பாதி சொல்வேன். பாதி உண்மை பொய் ஆகாது. கணக்கு டீச்சர் கேட்டால் பாதி என்றால் ஐம்பது சதவீதம், பாஸ் மார்க்கைவிட அதிகம் என்பார்.


ஜூன் 20, வியாழன்

அப்பாவிடமும் மாமாவிடமும் சொன்னேன். அப்பா அடிக்கக் கை ஓங்கி, பாதியில் நிறுத்தி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா, "உன்ற குறும்புதான் உங்கக்காவைக் காப்பாத்தப் போவுது அம்மிணி," என்றார். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு கிறுக்கி விளையாடியிருக்கிறேன், இந்தக் கையெழுத்து மட்டும் ரொம்ப அழகாக வந்தது.


ஜூலை 5, வெள்ளி

வீடியோ விசாரணை. திரையில் மூன்று பெரிய மனிதர்கள், மாமா, பிறகு அந்த அதிகாரி.

பெயர் மரகதவல்லி. உடுமலைப்பேட்டையில் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியை. சோதனைக்கு வருவது அவருக்குப் பகுதி நேர வேலை. ஐம்பது வயதிருக்கும். விசாரணைக்கென்று பட்டுப் புடவை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது.

"பெல் அடிச்சனுங்க. உள்ள சத்தம் வருதா இல்லியான்னு தெரியலீங்க. அதனால தட்டுனனுங்க," என்றார்.

"எத்தனை முறை? எந்தெந்த நேரத்தில்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"பலதடவைங்க. ஒரு அஞ்சு தடவை இருக்கும்."

"படிவத்தில் நேரம் ஏன் இல்லை?"

அவர் கையிலிருந்த படிவ நகலைப் புரட்டிப் பார்த்தார். "எழுதியிருக்கோணுங்க. வழக்கமா எழுதிருவனுங்க. அன்னைக்கு எழுதாம உட்டுட்டேன்."

பிறகு என் முறை. சொன்னேன். பல்லி, பேட்டரி, பருப்பு டப்பா. ஒருவர் லேசாகச் சிரித்தார். என் வாழ்க்கையிலேயே நான் விரும்பாத ஒரே சிரிப்பு அதுதான்.

"கதவைத் தட்டும் ஓசை கேட்டதா?"

"இல்லை சார். நான் முழித்திருந்தேன். கேட்டிருந்தால் போயிருப்பேன்."

மரகதவல்லி திரையில் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பரீட்சையில் படித்த கேள்விக்கு விடை மறந்துபோன பிள்ளை பார்க்கிற மாதிரி இருந்தது.


ஜூலை 19, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. அழைப்பு மணி இயங்கவில்லை. கதவைத் தட்டியதற்குப் போதிய பதிவு இல்லை. ஆகவே ஜூன் 6 தவறிய சோதனையாகக் கணக்கில் வராது. தடை இல்லை.

அம்மா மைசூர்பா வாங்கி இரண்டு பிளாக்குக்கும் கொடுத்தாள். இரட்டையர்களுக்கு ஆளுக்கு இரண்டு. அப்பா என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார், புதிதாகப் பிறந்தவள் போல. "என்ற சின்னப் பொண்ணு. இவ மட்டும் உண்மையச் சொல்லாம உட்டிருந்தா..."

சாயந்திரம் மாமா போனில் பேசியதை அப்பா சத்தமாகச் சொன்னார்: "அந்தம்மாளப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்களாம். இனி எந்தச் சோதனைக்கும் அனுப்ப மாட்டாங்களாம். வேணும் நல்லா. வேலையப் பாக்காமயே பாத்தேன்னு எழுதுனா?"

எனக்கு மைசூர்பா பிடிக்கும். இன்று பிடிக்கவில்லை.


ஜூலை 23, செவ்வாய்

சஞ்சய் கதவைத் தட்டிவிட்டு ஓடினான். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.


ஜூலை 28, ஞாயிறு

அக்காவோடு பயிற்சிக்குப் போனேன். கோர்ட்டில் வேறு யாரும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். வீக்கம் திரும்பி வந்திருக்கிறது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குத் தட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

டேப் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"சிரிச்சீல்ல. சொவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு."

என் சிரிப்பே கேட்டது என்றால்.

"தட்டுனதும் கேட்டுச்சா?"

"அஞ்சே முக்காலுக்கே எந்திரிச்சுட்டேன். கட்டல்ல உக்காந்திருந்தேன்." பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தாள். "துனிசியால இந்தக் கை ராக்கெட்டையே பிடிக்கல பிரணி. செமிஃபைனலுக்கு முந்தின நாள் ஒருத்தன் ஊசி போட்டு உட்டான். என்ன ஊசின்னு நான் கேக்கல. கேட்டா தெரிஞ்சிரும்ல. ஊருக்கு வந்து பாத்தா அந்த மருந்துக் குப்பி என் பையில கெடந்துச்சு, பேரை நெட்ல தேடிப் பாத்துட்டு, குப்பையோட கட்டிப் போட்டுட்டேன். அன்னைக்குக் கதவைத் தொறந்து மாதிரி குடுத்திருந்தா நாலு வருஷம் தடை. கதவைத் தொறக்காட்டி ரெண்டு வருஷம். அதான் தொறக்கல."

"அப்ப நான் அழுதது? பேட்டரி பேட்டரின்னு ஒரு வாரம் சோறு எறங்காம..."

"நீ வந்து சொல்லற வரைக்கும் பேட்டரி விஷயமே எனக்குத் தெரியாது. சத்தியமா." முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "நீ சொன்னப்பதான் ரெண்டு வருஷமும் வேண்டாம்னு ஆச்சு. உன்னாலதான்டி."

நன்றி சொல்கிற முகத்தோடு சொன்னாள். அவள் சிரித்தபோது, சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கிய அதே அக்காவாக இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்த டீச்சர்?"

"அவங்களுக்கு ஸ்கூல் வேல இருக்குது. எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

எழுந்து போய் சர்வீஸ் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பந்துக்கும் முகம் சுளித்தாள். நான் பந்து பொறுக்கினேன்.


ஆகஸ்டு 3, சனி

ஜோக் எதுவும் தோன்றவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.


ஆகஸ்டு 11, ஞாயிறு

புதன்கிழமை அக்காவுக்கு விமானம். அப்பாவும் அம்மாவும் அவளுக்காக வேண்டிக்கொண்டு மருதமலைக்குப் போயிருந்தார்கள். அக்கா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். காலை பதினொன்று இருக்கும், பெல் கூவியது. நான் திறந்தேன்.

மரகதவல்லி. பட்டுப் புடவை இல்லை, சாதாரணக் காட்டன். தோளில் கைப்பை, நெற்றியில் வியர்வை. திரையில் பார்த்ததைவிடக் குள்ளம்.

"பயப்படாத கண்ணு. சண்டைக்கு வர்ல," என்றார். "உள்ள வர்ல, இங்கயே நின்னு பேசிட்டுப் போயிர்றேன். பஸ்ஸு இருக்குது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கேஸெல்லாம் முடிஞ்சு போச்சு. நானு யாருகிட்டயும் போயிச் சொல்லப் போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும்." கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "நானு அன்னைக்குத் தட்டுனனா கண்ணு?"

நான் அவருடைய விரல் முட்டிகளைப் பார்த்தேன்.

"தட்டுன மாதிரிதான் இருக்குது. கை வலிச்ச மாதிரி கூட இருக்குது. ஆனா நீ முழிச்சுட்டு இருந்தேன், கேக்கலைன்னு சொல்ற. சின்னப் புள்ள, உனக்குப் பொய் சொல்ல என்ன இருக்குது? நேரமும் நானு எழுதல. இருவது வருஷத்துல ஒருக்காக்கூட எழுதாம உட்டதில்ல. எப்பிடி உட்டேன்?" குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மாளுக்கு மறதி வந்துதான் போய்ச் சேந்தாங்க. இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. செய்யாததச் செஞ்சேம்பாங்க. அடுப்ப அணச்சேம்பாங்க, எரிஞ்சுட்டு இருக்கும். போன மாசத்துல இருந்து நானும் ஊட்ட பூட்டீட்டுப் போயி பாதி வழியில திரும்பி வந்து பாக்கறேன். ஸ்கூல்ல வருகைப் பதிவ ரெண்டு தடவ கூப்படறேன், புள்ளைக சிரிக்குதுக. நாளைக்கு டாக்டர்கிட்டப் பேரு பதிஞ்சு வெச்சிருக்குது. போறதுக்கு முன்னாடி ஒருக்கா உன்னயே கேட்டுரலாம்னு வந்தேன். நீ தட்டலைன்னு சொன்னா நானு ஏத்துக்கறேன். மருந்து மாத்திர எதாச்சும் இருக்கும்."

உள்ளே அக்காவின் அறையில் பெட்டியின் ஜிப் ஓடுகிற சத்தம். பாதியில் நின்றது.

என்னிடம் எப்போதும் எதற்கும் ஒரு பதில் இருக்கும். டீச்சர் கேட்டால் ஒன்று, பிரின்சிபால் கேட்டால் ஒன்று. வாய் தானாக ஓடும். இன்று முதலில் எண்ண வேண்டியிருந்தது. போர்வைக்குள் படுத்துக்கொண்டு, சபரி ஒன்று, சஞ்சய் ஒன்று என்று விரல் மடக்கி மடக்கிச் சிரித்தது நினைவில் அப்படியே இருந்தது.

"அஞ்சு இல்ல மேடம்," என்றேன். "எட்டு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எட்டு தடவ தட்டுனீங்க. மொதல்ல மெதுவா, அப்பறம் ஓங்கி. கடைசி தடவ ரொம்ப நேரம். நான் எண்ணீட்டு இருந்தேன். உங்களுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

மரகதவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எட்டா," என்றார். மறுபடி, "எட்டா," என்றார். மூச்சு விட்டார். எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சோ.

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். "தண்ணி கொஞ்சம் குடு கண்ணு," என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்ன சொல்லுதான். எனக்கு இது போதும்."

"நான் எழுதித் தரேன் மேடம்," என்றேன். "விசாரணை பண்ணினவங்களுக்கும் அனுப்பறேன்."

திரும்பியபோது அக்கா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைத் தாண்டி வந்து, மரகதவல்லியைப் பார்க்காமல், என் தோளைப் பிடித்தாள். டேப் சுற்றிய கை. அழுத்தவே இல்லை, அழுத்தும் பலம் அதற்கு இல்லை.

"நான் போயிட்டு வர்ற வரைக்கும் பொறு பிரணி," என்றாள். "ஒரே ஒரு மேட்ச்டி. ஆடிட்டு வந்துர்றேன். அப்பறம் என்ன வேணா எழுது."

உலகத் தரவரிசை 231. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

நான் பள்ளிக்கூட நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தேன். மரகதவல்லி கைப்பையைத் திறந்து, எதுவும் சொல்லாமல், ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.